கொடியம்மாவின் கனம்

எங்க கொடியம்மா களவு போனப்ப அவ உடம்பு மட்டும்தான் போச்சு, கனம் ஊர்லயே தங்கிடுச்சு. அது தெரியாம எவன் எவனோ வந்து மைக்கை நீட்டி, வெளிநாட்டு மியூசியக்காரன் நம்ம சாமியையெல்லாம் திருப்பிக் குடுக்கணுமா வேண்டாமா, ஒரு வரியில சொல்லுங்கங்கறான். ஒரு வரியில சொல்றதுக்கு அது என்ன பஸ்ஸு போற ஊரு பேரா? குடுக்கணும்யா, குடுக்காம பின்ன? அடுத்தவன் ஊட்டுச் சாமியை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போற? ஆனா அவன் குடுக்கறது வேற, அது எங்களுக்கு வந்து சேர்றது வேற. முழுசா கேக்கறதுன்னா உக்காருங்க, இல்லேன்னா கிளம்புங்க, எனக்கும் வேலை கிடக்கு.

எம் பேரு வைரக்கண்ணு. கொள்ளிடக்கரையில கொன்றைப்பள்ளம்னு ஒரு ஊரு, அங்க மோட்டார் பம்பு ரிப்பேர் பாக்கறவன், திருவிழான்னா பல்லக்கு தூக்கறவன். எங்க அம்மனுக்குக் கல்வெட்டுல பேரு இளங்கொடியம்மை, எங்க வாயில கொடியம்மா. ஐம்பொன்னு, ஒண்ணரை அடி ஒசரம், இடுப்பை ஒரு பக்கமா ஒடிச்சு, ஒரு கையைத் தொங்கவிட்டு, இன்னொரு கையில பூ வெச்சுக்கற மாதிரி நிப்பா. எத்தனையோ நூறு வருஷமா பாலும் தயிரும் ஊத்தி ஊத்தி மூக்கு நுனி தேஞ்சிருக்கும். கிட்டக்க போயிப் பாத்தா எங்கேயோ பாத்த சொந்தக்காரப் பொண்ணு மாதிரி தெரியும்.

எனக்கு இருபத்தி நாலு வயசு இருக்கறப்ப, ஆடிப்பூரத்தன்னிக்கு வீதியுலா முடிஞ்சு திரும்பறோம், மழை புடிச்சுக்கிச்சு. உலா முடிஞ்சதும் அவளைக் கருவறைக்குள்ள கொண்டுபோய் பீடத்துல நிறுத்திப் பெரிய பூட்டைப் போடணும், அதுதான் முறை. நாங்க நாலு பேரும் தொப்பலா நனைஞ்சு போயிருந்தோம், சபேச குருக்களுக்கு இருமல் நிக்கல, நான்தான் சொன்னேன், "சாமி, இப்ப அம்மன் பல்லக்கோட மண்டபத்துலயே இருக்கட்டும், விடிஞ்சதும் உள்ள வெச்சுக்கலாம்"னு. அவரும் சரின்னுட்டாரு. விடிஞ்சு போயிப் பாத்தா மண்டபக் கதவு திறந்து கிடக்கு, பல்லக்கு இருக்கு, போட்ட மாலை இருக்கு, அவ இல்ல. ஊரே வாயிலயும் வயித்துலயும் அடிச்சுக்கிட்டு அழுதுச்சு, எவனும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும், பாவிப்பயலேன்னு ரெண்டு அறை விட்டிருந்தாலாவது என் மனசு ஆறியிருக்கும். கடைசியா பாத்தவன்னு போலீஸ்ல எழுதி வாங்கிக்கிட்டாங்க, புகார்ல கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

மூணாம் நாளு வெறும் பல்லக்கைக் கொட்டகையில போடறதுக்காக நாலு பேரும் தண்டுக்குத் தோள் குடுத்தோம். குடுத்தவங்க அப்படியே நின்னுட்டோம். வெறும் பல்லக்கு எங்க தோளுக்குத் தெரியும், அம்மன் இருக்கற பல்லக்கும் தெரியும். தெக்கு வீதி முக்குல திரும்பறப்ப அவ எந்தப் பக்கம் சாய்வா, தண்டோட எந்தக் கொம்பு இறங்கும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவோம். அன்னிக்கு வெறும் பல்லக்கு வெறும் பல்லக்கா இல்ல. இறக்கி வெச்சோம், குருக்களைக் கூப்பிட்டோம், அவரு பல்லக்குக்குள்ள ரெண்டு கையையும் விட்டு ஒரு குழந்தையை அள்ற மாதிரி அள்ளுனாரு, அள்ளி நெஞ்சோட அணைச்சவரு அசையாம நின்னாரு. கையில ஒண்ணும் இல்ல, ஆனா கை நரம்பு புடைச்சிருந்துச்சு. "இருக்காடா வைரம்"னாரு.

நம்பாம இருப்பமா, நம்பினோம், இருந்தாலும் நாலு பேரு நாலு விதமாப் பேசுவானே, அதனால உரக்கடைத் தராசுக்குக் கூட்டிட்டுப் போயி குருக்களை முதல்ல வெறுங்கையோட நிறுத்திப் பாத்தோம், அப்புறம் அவளை ஏந்திக்கச் சொல்லி நிறுத்திப் பாத்தோம். பதினெட்டரைக் கிலோ கூட இருந்துச்சு. ஊர்த் தலைவர் உத்திராபதி மூணு தடவை குருக்களை ஏத்தி இறக்கினாரு, மூணு தடவையும் அதே பதினெட்டரை. உரக்கடைக்காரரு தராசைத் தொட்டுக் கும்புட்டுக்கிட்டாரு. அன்னிக்குச் சாயந்திரம் மேளம் வெச்சு, குருக்கள் கையில அவளை ஏந்திக்கிட்டுப் போயி பீடத்துல நிறுத்தி, பெரிய பூட்டைப் போட்டு, சாவியை நானே வாங்கி மூணு தடவை இழுத்துப் பாத்தேன்.

அதுக்கப்புறம் எல்லாமே பழகிப்போச்சு. பட்டுப்புடவை சாத்தினா கீழ விழுந்துச்சு, சரின்னு பீடத்துக்குச் சுத்தினோம். பால் ஊத்தினா தடுக்கறதுக்கு ஒண்ணுமில்லாம நேரா பீடத்துல கொட்டுச்சு, சரி அங்கயே குடிச்சுக்கட்டும்னு விட்டுட்டோம். புதுசா ஒரு சிலை செஞ்சு வெச்சுக்கங்கன்னு பக்கத்து ஊர்ப் பெரியவங்க வந்து சொன்னாங்க, அதுக்கு உத்திராபதி, "உக்காந்திருக்கறவளை எழுப்பிட்டா இன்னொருத்தியை உக்கார வெக்கச் சொல்றீங்க?"ன்னு கேட்டாரு. வெள்ளத்துல பாலம் போன வருஷம் தீர்த்தவாரிக்குப் பரிசல்ல கொண்டுபோனோம், பரிசல் ஒரு சாண் கூடுதலா இறங்கிச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். காத்தைக் கும்புடற ஊருன்னு அக்கம்பக்கத்துல கிண்டல் பண்ணுவானுங்க, பண்ணினவன் கையில குருக்கள் ஒரு தடவை அவளைக் குடுப்பாரு, வாங்கினவன் திருப்பிக் குடுக்கறப்ப கண்ணைத் துடைச்சுக்கிட்டுத்தான் போவான்.

இதுல ஒரு சங்கதி இருக்கு, கேளுங்க. சிலை இருந்தவரைக்கும் குருக்களைத் தவிர ஒரு பய அவளைத் தொட முடியாது. பல்லக்கு தூக்கற நாங்களே தண்டைத்தான் தொட்டோம், அவளைத் தொட்டதில்ல. கனம் மட்டும்னு ஆனதுக்கப்புறம் சபேச குருக்கள் நாலு நாள் ஏடெல்லாம் புரட்டிப் பாத்துட்டு வந்து சொன்னாரு, "விக்கிரகத்தைத் தொடப்படாதுன்னு இருக்கு. கனத்தைத் தொடப்படாதுன்னு எங்கேயும் எழுதலை. எழுதாததை நான் எப்படித் தடுக்கறது?" அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டிக் கும்புடணும். அன்னியிலேருந்து மேலத்தெரு கீழத்தெரு, மாதா கோயில்காரங்க, கரைக்கு அந்தாண்ட காலனிக்காரங்க, யாரு வந்தாலும் காலைக் கழுவிட்டு வந்து கையை நீட்டினா ரெண்டு நிமிஷம் குடுப்பாரு. எங்க ஊர்ல அம்மனைத் தூக்காத பிள்ளை கிடையாது. களவு போனதுக்கப்புறம்தான் அவ எங்களுக்குக் கிட்டக்க வந்தா, இதைச் சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா அதுதான் நெசம்.

களவு போன மறு வருஷம் எனக்குக் கல்யாணம். பொண்ணு தையல்நாயகி, தையலுன்னு கூப்புடுவேன், சீர்காழிப் பக்கம். அம்மன் முகத்தை அவ பாத்ததே இல்ல, அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் கனம்தான். எங்களுக்கு ஒரே பிள்ளை பொறந்துச்சு, தமயந்தின்னு பேரு வெச்சோம். ஆறு வயசுல காய்ச்சல் வந்து பெரியாஸ்பத்திரியில அஞ்சு நாளு இருந்து போயிட்டா. இதுக்கு மேல அதைப் பத்தி என்னைச் சொல்லச் சொல்லாதீங்க.

தையலு அழுது தீத்தா, அப்புறம் பேச்சை நிறுத்திட்டா. சோறாக்குவா, துணி தொவைப்பா, எதுனா கேட்டா தலையை ஆட்டுவா. ரெண்டு வருஷம். எங்க மாமியாரு வந்து பாத்துட்டு எந்தக் கோயிலுக்கெல்லாமோ கூட்டிட்டுப் போனாங்க, ஒண்ணும் ஆகல. அப்ப ஒரு நாள் கோயில்ல கருவறைக்குச் சுண்ணாம்பு அடிச்சாங்க, உச்சிவேளை, குருக்கள் அம்மனை ஏந்திக்கிட்டு மண்டபத்துக்கு வந்தவருக்குப் பொறையேறி இருமல் புடிச்சுக்கிச்சு. தூணு ஓரமா பூக் கட்டிக்கிட்டு இருந்த தையலுகிட்ட, "கொஞ்சம் புடிம்மா, தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்"னு அவ மடியில இறக்கி வெச்சுட்டாரு.

நான் மண்டபத்துக்கு லைட் மாட்டிக்கிட்டு ஏணி மேல நின்னேன், எல்லாத்தையும் பாத்தேன். அவ புடவை மடியில குழி விழுந்துச்சு. அவ ரெண்டு கையையும் அந்தக் குழிக்கு மேல வெச்சு வளைச்சா. கொஞ்ச நேரம் கழிச்சுக் குருக்கள் வந்து கையை நீட்டுனாரு, அவ குடுக்கல. ரெண்டு வருஷமாத் திறக்காத வாயைத் திறந்து, "தூங்கறா சாமி, எழுப்பாதீங்க"ன்னா.

குருக்கள் தூணுல சாஞ்சு உக்காந்துட்டாரு. நான் ஏணியிலயே நின்னு அழுதேன், இறங்கினா அவளுக்குத் தெரிஞ்சுடும்னு இறங்கல.

ஊட்டுக்கு வந்ததும் மெல்லச் சொன்னேன், "தையலு, நம்ம பிள்ளை பதினாறு கிலோதான் இருந்தா. ஆஸ்பத்திரியில எடை போட்டாங்கல்ல. அது அம்மன், பதினெட்டரை." அவ என்னை ஒரு பார்வை பாத்தா, இது கூடவா உங்களுக்குத் தெரியாதுங்கற மாதிரி. "ரெண்டு வருஷம் ஆச்சுல்லங்க. வளந்திருப்பா"ன்னா.

அன்னியிலேருந்து நித்தம் உச்சிப்பூசை முடிஞ்சு நடை சாத்துனதும் நாலு மணி வரைக்கும் அம்மன் தையலு மடியிலதான். ஊரு அதையும் ஏத்துக்கிச்சு. நடை சாத்துற நேரத்துக்கு அம்மன் தாய் ஊட்டுக்குப் போயிட்டு வர்றான்னு பேச ஆரம்பிச்சாங்க. மத்தியானம் கோயில் பக்கம் யாரும் சத்தம் போட மாட்டாங்க, டிராக்டர்காரன் கூட வீதியில மெதுவாத்தான் போவான், ஹாரன் அடிக்க மாட்டான். தையலு திரும்பவும் பேச ஆரம்பிச்சா, சிரிச்சா, என்னைத் திட்ட ஆரம்பிச்சா, அதைக் கேக்க எனக்கு எவ்வளவு சந்தோசம்ங்கறீங்க. நாலஞ்சு வருஷம் போயி ஒரு நாள் சொன்னா, "இவ இதுக்கு மேல வளர மாட்டா போலருக்குங்க." அவளே சொன்னா, "நல்லதுதான். வளந்தா எவனுக்காவது கட்டிக் குடுத்து அனுப்பணும். இவ எங்கயும் போவ மாட்டா." அப்படியே மொத்தம் இருபது வருஷம் ஓடிப்போச்சு.

இப்பதான் அந்த வெளிநாடு வருது. மாதா கோயில் தெரு சகாயராணி, எங்க ஊர்ப் பொண்ணு, அங்க ஒரு ஆஸ்பத்திரியில நர்சு. லீவு நாள்ல குளிருக்கு ஒதுங்கி மியூசியத்துக்குள்ள போயிருக்கா. கண்ணாடித் தட்டு மேல ஒரு அம்மன், ரெண்டு பக்கமும் மெல்லிசுக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க. எதுக்குக் கட்டியிருக்கீங்கன்னு அங்க நின்ன காவக்காரரைக் கேட்டிருக்கா. அவரு, "இதுக்குக் கனமே கிடையாதும்மா, கதவு திறந்தா வர்ற காத்துக்கு நகந்துடும், வந்த நாள்லேருந்தே அப்படித்தான்"னு சொல்லியிருக்காரு. சகாயராணி அங்கயே நின்னு போன் பண்ணிட்டா. "தலைவரே, கனம் இல்லாம ஒரு சாமி இங்க நிக்குது. நம்ம ஊர் சாமியா இல்லாம வேற யாரா இருக்க முடியும்?"னா. படம் அனுப்பினா. போன்ல அந்த முகத்தைப் பெரிசு பண்ணிப் பாத்தேன். அதே தேஞ்ச மூக்கு.

மனு மேல மனு போட்டோம். ஆதாரம் கேட்டாங்க, உத்திராபதியோட அண்ணன் கோயில்ல எடுத்த கல்யாணப் போட்டோவுல மாப்பிள்ளை தோளுக்குப் பின்னாடி அவ நிக்கறா, அதைக் குடுத்தோம். எங்க கிட்ட முப்பது வருஷமா பத்திரமா இருந்துச்சு, லட்சக்கணக்கான ஜனம் பாத்துச்சுன்னு மியூசியக்காரங்க எழுதினாங்க. திருடுன கோழியை நல்லாத் தீனி போட்டு வளத்தேன்னு சொல்ற கதை. எப்படியோ, ஒரு வருஷம் இழுத்தடிச்சுக் கடைசியில திருப்பித் தர்றோம்னுட்டாங்க. ஊர்ல வெடி வெடிச்சோம், பாயசம் வெச்சோம். அவங்க வக்கீலு ஒரே ஒரு தாளு மட்டும் கேட்டாரு.

தாலுக்கா ஆபீஸ்ல இருந்த அதிகாரி அதைப் படிச்சுக் காட்டுனாரு. "மேற்படி விக்கிரகமோ, அதன் எந்தப் பாகமோ, எந்த அம்சமோ மேற்படி கிராமத்தில் தற்சமயம் இல்லை என்று உறுதி கூறுகிறேன்." ஊர்ல வேற எதையாவது வெச்சுக்கிட்டு அதையும் அம்மன்னு சொன்னா, அப்ப இந்தச் சிலை எதுக்குன்னு மியூசியக்காரன் கேப்பானாம். முதல் புகார்ல கையெழுத்துப் போட்டவன் நான்தான், அதனால இதுலயும் நான்தான் போடணும்.

உத்திராபதி கேட்டாரு, "கனம் இருக்குதே சார், அதை எங்க எழுதறது?"

அதிகாரி நல்ல மனுஷன்தான், சிரிக்கல. "கனத்துக்கு இந்தப் படிவத்துல எடம் இல்லீங்க. இல்லைன்னு எழுதினாத்தான் வரும், இருக்குன்னு எழுதினா வராது"ன்னாரு.

மூணு நாளு ஊர்க்கூட்டம் போட்டோம். இல்லைன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னா என்ன, அவளுக்குத் தெரியாதா நம்ம மனசுன்னு பாதிப் பேரு. இருக்கறவளை வெச்சுக்கிட்டு இல்லைன்னு எப்படி வாய் கூசாமச் சொல்றதுன்னு மீதிப் பேரு. குருக்களுக்குத் தொண்ணூறை நெருங்கிடுச்சு, அவரைக் கேட்டதுக்கு, "நான் ஏடு பாத்துச் சொல்ற விஷயம் இல்லைடா இது"ன்னுட்டு எழுந்து போயிட்டாரு. கடைசியில எல்லாரும் என் முகத்தைப் பாத்தாங்க. தொலைச்சவன் நான். மீட்டுட்டு வர்ற வாய்ப்பு எனக்கு வந்திருக்கு. முப்பத்தோரு வருஷமா மழை பேஞ்சாலே விடிஞ்சதும் வெச்சுக்கலாம்னு நான் சொன்னது காதுல கேக்கும். அந்த முகத்தைப் பீடத்துல கொண்டுபோய் நிறுத்திட்டா போதும், அப்புறம் செத்தாலும் பரவால்லைன்னு இருந்துச்சு.

தையலு என்கிட்ட எதையும் வேணும்னு கேட்டதில்ல. அன்னிக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டே கேட்டா. "அந்தத் தாள்ல கையெழுத்துப் போடாதீங்க."

"ஏன் தையலு, உடம்பும் கனமும் ஒண்ணாச் சேரப்போகுது. இனிமே முகத்தோட வந்து உன் மடியில உக்காருவா."

"எனக்கு முகம் வேணாம்."

"முகம் இல்லாத சாமி என்ன சாமி, சொல்லு."

"அவளுக்கு முகம் இருக்கு. நான் பாத்திருக்கேன்"னா.

எனக்குத் தெரிஞ்சுதுங்க, அவ யாரு முகத்தைச் சொல்றான்னு. தெரிஞ்சும் போனேன். என் பாரத்தை இறக்கி வெக்கணும்னு எனக்கு அவ்வளவு அவசரம். மறுநாள் உச்சிப்பொழுது தாலுக்கா ஆபீஸ்ல, எங்க அம்மாவோட எந்த அம்சமும் எங்க ஊர்ல இல்லைன்னு, படிச்சுப் பாத்துட்டுத்தான், முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வர்றப்ப கோயில் வாசல்ல ஜனம் நின்னுச்சு. உள்ள போனேன். தையலு தூணுகிட்ட காலை மடக்கிப் போட்டு உக்காந்திருந்தா, ரெண்டு கையும் மடிக்கு மேல வளைஞ்ச மேனிக்கு இருந்துச்சு. மடியில குழி இல்ல. புடவை மட்டமா இருந்துச்சு.

"எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"பன்னெண்டே கால் இருக்கும்."

"ஆமா. அப்பதான் எந்திரிச்சா." கையை எடுக்காமலே, "இறங்குறப்ப மடியை ஒரு தடவை அழுத்திட்டுத்தான் போனா"ன்னா. அவ அழவே இல்ல. நான்தான் அவ காலைப் புடிச்சுக்கிட்டு அழுதேன், என்னை ஏண்டி நீ தடுக்கலைன்னு பைத்தியக்காரன் மாதிரி கேட்டேன். தடுத்தேனேன்னு அவ சொல்லல.

அதே நேரத்துல அங்க கண்ணாடித் தட்டு விரிசல் விட்டு, கம்பி ரெண்டும் தொய்ஞ்சு போச்சாம், சகாயராணி சொன்னா. பொட்டியில வெச்சு ஏரோப்ளேன்ல ஏத்தறப்ப எடை போட்டுச் சீட்டு ஒட்டியிருந்தாங்க, பதினெட்டரைக் கிலோ. பேப்பர்ல வந்துச்சு, பெரிய மனுஷங்கள்லாம் சால்வை போத்திக்கிட்டு அவ பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. எந்தப் போட்டோவுலயும் எங்க ஊர்க்காரன் இல்ல, அதை விடுங்க, நாங்க பீடத்தைத் தேச்சுக் கழுவி, மேளத்துக்குச் சொல்லி, நாலு தோளும் தயாரா காத்துக்கிட்டு இருந்தோம்.

கடுதாசிதான் வந்துச்சு. உங்க கோயிலுக்கு இரும்புக் கதவு இல்ல, அலாரம் இல்ல, காவல் இல்ல, ஏற்கெனவே ஒரு தடவை களவு போன எடம், ஆகையினால விக்கிரகம் அரசாங்கப் பாதுகாப்பு அறையிலயே இருக்கும்னு. ஏற்கெனவே களவு போன எடம்ங்கற வரியைத் தலைவர் படிக்கறப்ப ஒருத்தரும் என் பக்கம் திரும்பிப் பாக்கல, அவ்வளவு நல்லவங்க எங்க ஊர்க்காரங்க. இரும்புக் கதவு போட்டோம், அலாரம் வெச்சோம், எழுதினோம், பரிசீலனையில இருக்குன்னு பதில் வந்துச்சு, இன்னமும் பரிசீலனையிலதான் இருக்கு. அவ்வளவு தூரத்துலேருந்து கடல் தாண்டி வந்தவ, எங்க ஊருக்கு நாப்பது மைல் தூரத்துல நின்னுட்டா.

ஆடிப்பூரம் வந்துச்சு. சபேச குருக்கள் பீடத்துக்கிட்ட போயி பழக்கதோசத்துல ரெண்டு கையையும் குடுத்து அள்ளுனாரு, கை விருட்டுன்னு மேல வந்துடுச்சு, மனுஷன் தடுமாறிச் சொவத்தைப் புடிச்சுக்கிட்டாரு. அந்தக் கையை அப்படியே ஏந்தின மாதிரி வெச்சுக்கிட்டு வந்து பல்லக்குல இறக்கினாரு. நாங்க தோள் குடுத்தோம். சருகு மாதிரி எழும்பிச்சு. வீதி ரெண்டு பக்கமும் ஜனம் நிக்குது, கையில பிள்ளையோட. நாங்க நாலு பேரும் பேசி வெச்சுக்கல, ஆனா நாலு பேருமே முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, மூச்சு வாங்கற மாதிரி, கனமாத் தூக்கற மாதிரியே நடந்தோம். தெக்கு வீதி முக்குல நானே என் கொம்பை இறக்கிக் குடுத்தேன். ஜனம் எல்லாத்துக்கும் தெரியும். தெரிஞ்சும் பார்த்து பார்த்துன்னு வழி விட்டாங்க. அன்னிக்குத் தோள் வலிச்ச மாதிரி அதுக்கு முன்னாடி எப்பவும் வலிச்சதில்ல.

தையி மாசம் அனுமதி வாங்கி நானும் தையலும் அந்தப் பாதுகாப்பு அறைக்குப் போனோம். வாசல்ல ஒரு மேசை, பெரிய நோட்டு, உள்ள போற நேரம் எழுதி ஒரு கையெழுத்து, வெளிய வர்றப்ப நேரம் எழுதி ஒரு கையெழுத்து. உள்ள போறதுக்கு நான் போட்டேன். நீள அறை, கம்பிக் கதவு, அதுக்கு அந்தாண்ட வரிசை வரிசையா சாமிங்க. நூத்துக்கணக்குல இருக்கும், ஒவ்வொண்ணு கழுத்துலயும் ஒரு தகர வில்லை, நம்பர் போட்டு. பூ இல்ல, வெளக்கு இல்ல, சின்னதா டியூப் லைட்டு. எல்லாச் சாமியும் வாசல் பக்கமே பாத்துக்கிட்டு நிக்குது. எந்த ஊரு சாமி எதுன்னு யாருக்குத் தெரியும்? எந்த ஊர்ல எவன் கையெழுத்துப் போட்டானோ.

மூணாவது வரிசையில நின்னா எங்க கொடியம்மா. "அதோ பாரு தையலு, அதோ"ன்னு காமிச்சேன். அவ கம்பியைப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தா, கல்யாணத்துக்குப் போன எடத்துல தெரியாத மனுஷங்களைப் பாக்கற மாதிரி மரியாதையாப் பாத்தா. "பெரிய மனுஷியா இருக்காங்க"ன்னா. அப்புறம் அங்க நின்ன அதிகாரிகிட்ட, "ஐயா, கொஞ்சம் கதவைத் திறங்க, ஒரே ஒரு தடவை மடியில வெச்சுக் குடுங்க, அவதானான்னு எனக்குத் தெரிஞ்சுடும்"னு கேட்டா.

"அதுக்கெல்லாம் அனுமதி இல்லம்மா. நல்லாப் பாத்துக்கங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க"ன்னாரு.

"நான் பாக்க வரலைங்க, தூக்க வந்தேன்."

தையலு கம்பிக் கதவுக்கு முன்னாடி சிமெண்டுத் தரையில காலை மடக்கிப் போட்டு, புடவையைச் சரி பண்ணி, மடியை விரிச்சு உக்காந்துட்டா. கையை வளைச்சு வெச்சுக்கிட்டா. நானும் பக்கத்துல உக்காந்தேன். நடை சாத்துற நேரத்துலேருந்து நாலு மணி வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தோம். ஒண்ணும் நடக்கல. டியூப் லைட்டு சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. நாலு மணி ஆனதும் வழக்கம் போல அவளே எந்திரிச்சா, மடியைத் தட்டாம எந்திரிச்சா.

வெளிய வர்றப்ப காவக்காரரு நோட்டைத் திருப்பி வெச்சு, "வெளிய போற நேரம் போட்டுக் கையெழுத்துப் போடுங்க"ன்னாரு. நான் சட்டைப் பையிலேருந்து பேனாவை எடுத்தேன். தையலு என் கையைப் புடிச்சா. கோவமே இல்லாமச் சொன்னா, சோறு போடட்டுமான்னு கேக்கற குரல்ல சொன்னா.

"போடாதீங்க. தமயந்தியை ஆஸ்பத்திரியில துணி சுத்திக் குடுத்தப்பவும் தாள் குடுத்தாங்க, நீங்கதான் போட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லல. தாலுக்கா ஆபீஸ்லயும் நீங்கதான் போட்டீங்க. இதுலயாவது போடாதீங்க."

பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, என் சட்டைப் பையில திரும்பச் சொருகினா. காவக்காரரு எங்க பின்னாடியே வாசல் வரைக்கும் வந்து ஐயா, அம்மான்னு கூப்பிட்டாரு. நாங்க திரும்பிப் பாக்காம நடந்து வந்து பஸ் ஏறிட்டோம். அந்த நோட்டுல பாத்தா நாங்க உள்ள போன நேரம் மட்டும்தான் இருக்கும்.